வளர்க்க மன்னிப்பு கொடுத்தீங்க, ஒப்படைக்க இடம் எங்கே?

சித்திரை மாசம் எங்க கண்மாயில் மீன்பிடித் திருவிழா நடந்தது. தண்ணி முழங்கால் அளவுக்கு வத்தினதும் வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஊர்ப் பெரியவர் கரையில் நின்னு வெள்ளைத் துண்டை வீசினார். சுத்துப்பட்டு ஊர் சனமெல்லாம் ஊத்தாவும் வலையுமா ஒரே நேரத்துல இறங்குச்சு. எனக்கு அம்பத்தஞ்சு வயசு ஆகுது, இன்னும் அந்த நேரத்துல கால் தரையில நிக்காது.

ஊத்தாவைக் குத்தினேன். உள்ள ஏதோ முட்டுச்சு. விரால்னு நினைச்சுக் கையை விட்டேன். முள்ளுக்கட்டையைப் பிடிச்ச மாதிரி இருந்தது. வெளிய எடுத்துப் பார்த்தா முக்கால் முழ நீளத்துக்கு கறுப்பா ஒரு உருவம். மேலெல்லாம் எலும்புத் தகடு, வரி வரியா புள்ளி, அடியில உறிஞ்சுற வாய். உள்ளங்கையில ரத்தம் வந்துடுச்சு.

பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர், "அப்பு, இது என்ன சென்மம்? என் வயசுக்கு இதைப் பார்த்ததில்லையே" என்றார். அவருக்கு எழுபத்தெட்டு வயசு. கூட வந்த பள்ளிக்கூடத்துப் பையன்தான் பேர் சொன்னான். "தாத்தா, இது டேங்க் கிளீனர். எங்க அத்தை வீட்டுல கண்ணாடித் தொட்டியில இருக்கு."

அன்னைக்கு மட்டும் எங்க தெருக்காரங்க ஊத்தாவுல இருபத்திரண்டு மாட்டுச்சு. ரெண்டு பேர் வலை கிழிஞ்சுபோச்சு. அதை யாரும் திங்கவும் இல்லை, விக்கவும் முடியலை. கரையில எறிஞ்சோம். சாயங்காலம் மாடு பத்திக்கிட்டுப் போறப்ப பார்த்தேன், ரெண்டு மூணு இன்னும் வாயை அசைச்சுக்கிட்டுக் கிடந்தது. அது காத்தையும் மூச்சா இழுக்குமாம்.

இது தென் அமெரிக்கா ஆறுகள்ல உள்ள மீன். நம்ம ஊருக்கு அது நீந்தி வரலை, தொட்டியில அழகுக்கு வளர்க்கக் கொண்டுவந்ததுதான். கடையில விரல் நீளத்துல இருக்கும், பாசியைத் தின்னு கண்ணாடியைச் சுத்தம் பண்ணும்னு சொல்லிக் கொடுப்பாங்க. அது ஒரு அடிக்கு மேல வளரும்னு சொல்ல மாட்டாங்க. வளர்ந்ததும் தொட்டி பத்தாது. கொல்ல மனசு வராது. பக்கத்துல இருக்கிற ஊருணியிலயோ ஆத்துலயோ விட்டுட்டு, புண்ணியம் பண்ணின நினைப்புல வீட்டுக்குப் போயிருவாங்க. எங்க கண்மாய்க்கு வைகைத் தண்ணி வாய்க்கால் வழியா வருது. மேல யார் எங்க விட்டாலும் அது இங்க வந்து சேரும். யார் விட்டதுன்னு நான் யாரைப் போய்க் கேட்பேன்?

முட்டை போட இந்த மீன் கரையில வளை தோண்டும், மூணு அடி ஆழம் வரைக்கும் போகும். எங்க கண்மாய்க் கரை மண் கரை. நண்டு வளைக்கே ஐப்பசி மழையில ராத்திரி முழுக்க மண்மூட்டையோட கரைமேல நின்ன ஆளுங்க நாங்க. கரை உடைஞ்சா இருநூறு ஏக்கர் நெல்லு போயிரும். அழகு மீன் கதைன்னு நினைச்சு இதை விட்டுறாதீங்க, எங்க சோத்துக் கதை இது.

சரி, இதுல சட்டம் எங்க வருது? சொல்றேன்.

திருவிழா முடிஞ்சு பத்து நாள்ல என் தங்கச்சி மகன் போன் பண்ணினான். சென்னையில கம்ப்யூட்டர் வேலை. "மாமா, நம்ம தோட்டத்துக் கிணத்துப் பக்கம் நிறைய மரம் இருக்குல்ல?"

"இருக்கு மாப்ள, என்ன விஷயம்?"

"என்கிட்ட ஒரு இகுவானா இருக்கு மாமா. அங்க கொண்டாந்து விட்டுரவா? அது பாட்டுக்கு இலை தின்னுக்கிட்டு இருக்கும்."

இகுவானான்னா பச்சை ஓணான் மாதிரி, ஆனா ஆள் நீளத்துக்கு வளரக்கூடியது. இதுவும் தென் அமெரிக்கப் பக்கத்துச் சரக்குதான். 2019-ல உள்ளங்கை அளவு குட்டியா வாங்கினானாம். பில்லு கிடையாது, சீட்டு கிடையாது. இப்ப வால் நுனி வரைக்கும் நாலு அடி. கல்யாணம் முடிவாகியிருக்கு, பொண்ணு வீட்டுல அதைப் பார்த்து அலறியிருக்காங்க. அதுதான் மாமன் தோட்டம் ஞாபகம் வந்திருக்கு.

முடியாதுன்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டான். "அப்ப நான் என்னதான் பண்றது மாமா? இப்பல்லாம் பதியலைன்னா கேஸாம்" என்றான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தச் சட்டத்தை நான் படிச்சேன். மகள் போன்ல எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து படிச்சதுல புரிஞ்சதை எழுதுறேன்.

நம்ம நாட்டு வனவிலங்குச் சட்டம் 1972-ல வந்தது. அது நம்ம காட்டு உசுருகளுக்கான சட்டம். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, மயில் எல்லாம் அதுல அடக்கம். வெளிநாட்டு மிருகம் அதுக்குள்ள வரலை. அயல்நாட்டு உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துல 1976-ல இருந்தே இந்தியா இருக்கு. ஆனா அது எல்லையில, துறைமுகத்துல, விமான நிலையத்துல செல்லுபடி ஆகிற சங்கதி. சுங்கக்காரங்க கண்ணுல மண்ணைத் தூவி உள்ள வந்துட்டா, அப்புறம் வீட்டுக்குள்ள பெட்டியில இருக்கிற பாம்பை யாரும் ஒண்ணும் கேட்க முடியாத நிலைமை ரொம்ப காலம் இருந்தது.

2020 ஜூன்ல மத்திய அரசு ஒரு அறிவிப்பு கொடுத்தது. அயல்நாட்டு உயிரினம் வச்சிருக்கிறவங்க ஆறு மாசத்துக்குள்ள தாங்களா முன்வந்து சொல்லிட்டா, எங்க வாங்கினே, எப்படி வந்துச்சுன்னு எந்தக் காகிதமும் கேட்க மாட்டோம் என்றார்கள். ஆயிரக்கணக்கானவங்க பதிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் 2022-ல சட்டத்தையே திருத்தினாங்க, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. சைட்டிஸ் பட்டியல்ல உள்ள உயிரினங்களை நாலாவது அட்டவணையா சேர்த்தாங்க. உயிரோட வச்சிருந்தா பதியணும், குட்டி போட்டா சொல்லணும், கைமாத்தினா சொல்லணும், செத்தா சொல்லணும். அதுக்கான விதிகள் 2024 பிப்ரவரி கடைசியில வந்தது. ஆறு மாசம் அவகாசம், ஆகஸ்டோட முடிஞ்சது.

சட்டம் வந்தது நல்லதுதான். அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. என் வீட்டு மாட்டுக்குக் காதுல மஞ்சள் வில்லை போட்டு பன்னெண்டு இலக்க நம்பர் கொடுத்திருக்காங்க. கோமாரி ஊசின்னாலும், இன்சூரன்ஸுன்னாலும் முதல்ல வில்லை இருக்கான்னுதான் பார்ப்பாங்க. ஜல்லிக்கட்டுல காளை அவிழ்க்கணும்னா முன்பதிவு வேணும், கால்நடை டாக்டர் சான்று வேணும். தலைமுறை தலைமுறையா நம்மகூட இருக்கிற மாட்டுக்கே இவ்வளவு கணக்கு இருக்கிறப்ப, கடல் தாண்டி வந்த மலைப்பாம்புக்கும் பஞ்சவர்ணக் கிளிக்கும் கணக்கு கேட்கிறதுல என்ன தப்பு?

என் சண்டை வேற.

2020-ல கொடுத்த மன்னிப்பு எதுக்கு? வச்சுக்கிறதுக்கு. கள்ளத்தனமா வந்ததா, நல்லபடியா வந்ததான்னு கேட்காம, உன் சொத்தா வச்சுக்கோன்னு கொடுத்த மன்னிப்பு அது. வேண்டாம்னு ஒருத்தன் நினைச்சா, அவனுக்கு என்ன வழி? திருத்தின சட்டத்துல 42ஏ-ன்னு ஒரு பிரிவு இருக்கு. உரிமைச் சான்று வச்சிருக்கிறவர் ஏழு வேலை நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுத்து தலைமை வனஉயிரினக் காப்பாளர்கிட்ட ஒப்படைக்கலாம், இழப்பீடு கிடையாது. சரி. சான்று உள்ளவனுக்கு அந்த வாசல். சான்றே இல்லாத என் மாப்பிள்ளை மாதிரி ஆளுக்கு?

அவனுக்காக நானே ஒரு ஆபீசுக்குப் போன் போட்டேன். எந்த ஆபீசுன்னு சொல்லலை. எடுத்தவர் கேட்ட முதல் கேள்வி, "பேப்பர் இருக்கா?" இல்லைங்க. "பதிஞ்சிருக்கா?" இல்லைங்க. "அப்ப அது குத்தம் ஆச்சே. பேரு, அட்ரஸ் சொல்லுங்க." நான் போனை வச்சுட்டேன். அந்த மனுசரைக் குறை சொல்லலை. அவருக்குச் சட்டம் கொடுத்த கேள்வி அதுதான்.

இப்ப நீங்களே யோசிங்க. ஒருபக்கம், வச்சிருந்தா வழக்கு வரும்னு பயம். இன்னொருபக்கம், ஒப்படைக்கப் போனாலும் பேரு அட்ரஸ் கேட்கிறாங்க. பயந்தவன் என்ன பண்ணுவான்? ராத்திரி பைக்குல வச்சு ஊருக்கு வெளிய கொண்டுபோவான். ஊருக்கு வெளியன்னு அவன் சொல்ற இடத்துலதான் என் ஊர் இருக்கு. நகரத்துல ஆசை தீர்ந்துபோன உசுரெல்லாம் வந்து விழுற இடம் எங்க கண்மாயும் எங்க தோப்பும்தான்.

"அது நம்ம வெயில்ல பொழைக்காது மாமா"ன்னான் மாப்பிள்ளை. அமெரிக்காவுல புளோரிடாவுலயும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. இன்னைக்கு அங்க வாய்க்கால் கரையெல்லாம் இகுவானா வளை. குளிர் அதிகமான நாள்ல விறைச்சுப்போய் மரத்துலேருந்து பொத்து பொத்துன்னு விழுதாம். அதே மாநிலத்து எவர்கிளேட்ஸ் சதுப்புக்காட்டுல பர்மா மலைப்பாம்பு பெருகி, முயல், ரக்கூன் மாதிரி உசுருகளைத் துடைச்சு எடுத்துருச்சு. எல்லாம் செல்லப்பிராணி வியாபாரத்துல வந்ததுதான். 2021-ல இகுவானாவைப் புதுசா செல்லப்பிராணியா வாங்கக்கூடாதுன்னு அங்க விதி போட்டாங்க. காலம் கடந்த புத்தி.

ஆனா ஒண்ணு உருப்படியா செஞ்சிருக்காங்க. வேண்டாத அயல்நாட்டு மிருகத்தை யாரும் கொண்டுவந்து கொடுக்கலாம், காசு வேண்டாம், கேஸ் கிடையாது. முறையா வளர்க்கத் தெரிஞ்சவங்களைத் தேர்ந்தெடுத்து அவங்ககிட்ட அதைக் கொடுப்பாங்க. அதுக்கும் பேரு மன்னிப்புத் திட்டம்தான். நம்ம மன்னிப்புக்கும் அந்த மன்னிப்புக்கும் வித்தியாசம் பார்த்தீங்களா? அங்க விட்டுக்கொடுக்க மன்னிப்பு. இங்க வச்சுக்க மன்னிப்பு.

இன்னொரு ஓட்டையும் சொல்லணும். சைட்டிஸ் பட்டியல் எதை வச்சுப் போட்டது? உலக வியாபாரத்துல எந்த உசுரு அழியுற ஆபத்துல இருக்குங்கிறதை வச்சு. அது அந்த உசுரோட நல்லதுக்கு. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி அதுல உண்டு, மலைப்பாம்பு உண்டு, இகுவானா உண்டு. என் கையைக் கிழிச்ச டேங்க் கிளீனர் அதுல கிடையாது. ஏன்னா அது அழியுற இனமில்லை, மத்ததை அழிக்கிற இனம். அந்தப் பட்டியலை மட்டும் நம்பினா, லட்ச ரூபாய் கிளிக்கு நம்பர் இருக்கும், முப்பது ரூபாய் மீனுக்கு ஒரு கேள்வியும் இருக்காது. கண்மாய்க்குள்ள வர்றது முப்பது ரூபாய்ச் சரக்குதான். லட்ச ரூபாய் கிளியை யாரும் ஆத்துல விட மாட்டாங்க.

அதே திருத்தச் சட்டத்துல 62ஏ-ன்னு ஒரு பிரிவும் இருக்கு. நம்ம வனஉயிருக்கும் அது வாழுற இடத்துக்கும் கேடு பண்ற அயல் இனத்தோட இறக்குமதி, வியாபாரம், வச்சிருக்கிறது எல்லாத்தையும் மத்திய அரசு அறிவிப்பு போட்டுத் தடுக்கலாம். அதாவது அருவா கையில இருக்கு. ஆனா எங்க பக்கத்து டவுன் கடையில போன வாரம்கூடக் கண்ணாடித் தொட்டியில டேங்க் கிளீனர் ஒட்டிக்கிட்டு இருந்ததை என் கண்ணால பார்த்தேன். பக்கத்துத் தொட்டியில காசு அளவுல சிவப்புக்காது ஆமைக்குட்டி. அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும், முப்பது வருஷம் இருக்கும், உலகத்துல மோசமான ஊடுருவல் இனம் நூறுல அதுவும் ஒண்ணு. "இது எவ்வளவு பெருசாகும் தம்பி?"ன்னு கடைப்பையன்கிட்ட கேட்டேன். "இவ்வளவுதாங்க அண்ணே, வளராது"ன்னான்.

தடை மட்டும் போட்டா போதும்னும் நான் சொல்லலை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாதுன்னு 2000-லேயே தடை போட்டாச்சு. இன்னைக்கும் குட்டையில ஒளிச்சு வளர்க்கிறாங்க, அதிகாரிங்க வந்து அழிக்கிறாங்க, திரும்ப வளர்க்கிறாங்க. வெள்ளத்துல அதுவும் வெளிய போகுது. ஜிலேபிக் கெண்டையும் அப்படித்தான். 1952-ல மீன் உற்பத்திக்குன்னு இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இன்னைக்கு அது இல்லாத கண்மாய் உண்டா? எங்க ஐயா காலத்துல இருந்த அயிரையும் குறவையும் இப்ப எத்தனை பேர் வலையில விழுது? தண்ணிக்குள்ள ஒரு தடவை போனது திரும்பி வராது. அதனாலதான் கரைக்கு இந்தப் பக்கமே நிறுத்தணும்னு கத்துறேன்.

நாலு பேர் கேட்கிற கேள்விக்கும் பதில் சொல்லிடுறேன். "நாங்க ஆசையா வளர்க்கிறோம், மருத்துவம் பார்க்கிறோம், உனக்கு என்ன வயித்தெரிச்சல்?" வயித்தெரிச்சல் இல்லை ஐயா. பதிஞ்சு, ஒழுங்கா கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்துறவங்களைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா எங்க ஊருக்குக் கிளி ஜோசியம் பார்க்க வருவாரே ஒரு தாத்தா, அவர் கூண்டை ஒருநாள் பறிமுதல் பண்ணிட்டாங்க. பச்சைக்கிளி நம்ம நாட்டுப் பறவை, அதைக் கூண்டுல அடைச்சா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். சட்டம் சரிதான், கிளி மரத்துல இருக்கணும். ஆனா அந்தத் தாத்தாவுக்கு ஆறு மாச அவகாசமும் மன்னிப்பும் யாரும் கொடுக்கலை. மூணு லட்சத்துக்குப் பஞ்சவர்ணக் கிளி வாங்கினவருக்குக் கொடுத்தாங்க. இந்தக் கணக்கு எனக்குப் புரியலை.

"உள்ளூர்ல குஞ்சு பொரிச்சதுதான், கடத்தினது இல்லை"ம்பாங்க. இருக்கலாம். ஆனா பாங்காக்குலேருந்து சென்னை விமான நிலையத்துக்குப் பெட்டியில மலைப்பாம்பும் குரங்குக்குட்டியும் அடைச்சுக்கொண்டு வந்து மாட்டுறாங்களே, பேப்பர்ல பார்க்கிறோமே, அதெல்லாம் யாருக்காக வருது? வாங்குற ஆள் இல்லாம பெட்டி கட்டுவானா? மாட்டினதைத் திருப்பி அனுப்பிடுறாங்க. மாட்டாதது எந்தத் தொட்டியில இருக்கோ.

எனக்குத் தெரிஞ்சதை நாலு கோரிக்கையா வைக்கிறேன்.

ஒண்ணு, மாவட்டத்துக்கு ஒரு இடம். வேண்டாத அயல்நாட்டு உயிரினத்தைக் கேள்வி கேட்காம வாங்கிக்கணும். கேஸ் இல்லைன்னு போர்டு எழுதி வைக்கணும். கேரளாவுல பீச்சி வன ஆராய்ச்சி நிலையம் சிவப்புக்காது ஆமையை ஆத்துல விடாதீங்க, எங்ககிட்ட கொடுங்கன்னு சொல்லி வாங்கினாங்க. அங்க முடிஞ்சது இங்க முடியாதா?

ரெண்டு, கணக்கு விக்கிறவன்கிட்ட ஆரம்பிக்கணும். எவ்வளவு பெருசாகும், எத்தனை வருஷம் இருக்கும்னு தொட்டிமேல தமிழ்ல எழுதி ஒட்டணும். திரும்பக் கொண்டுவந்தா கடைக்காரர் வாங்கிக்கணும். விதை விக்கிற கடையில பில்லும் ரகமும் கேட்கிறோம்ல, அதே மாதிரி.

மூணு, 62ஏ பிரிவை எடுத்து இந்த மீனு, ஆமை ரெண்டையும் விக்கிறதை நிறுத்தணும்.

நாலு, பேப்பர் கேட்காம வச்சுக்கோன்னு இன்னொரு மன்னிப்பு இனி வரவே கூடாது. ஒவ்வொரு தடவை மன்னிக்கிறப்பவும், அடுத்த மன்னிப்பு வரைக்கும் ஒளிச்சு வச்சா போதும்னு வாங்குறவன் கணக்குப் போடுவான்.

மாப்பிள்ளை இகுவானா இப்ப என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. இன்னும் அவன் மொட்டைமாடிக் கூண்டுலதான் இருக்கு. கீரையும் பூசணியும் போடுறான். எங்கயும் விடக்கூடாதுன்னு என் தலைமேல சத்தியம் வாங்கியிருக்கேன். வர்ற மாசம் நானே சென்னைக்குப் போய், அவனைக் கூட்டிக்கிட்டு வனத்துறை ஆபீஸ் படி ஏறப் போறேன். கேஸ் போட்டா போடட்டும், அபராதம் கட்டலாம். கல்யாண மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு சீர் செய்வேன்னு என் தங்கச்சி நினைச்சிருக்க மாட்டாள். அங்க என்ன சொன்னாங்கன்னு வந்து எழுதுறேன்.

உங்க ஊர் கண்மாயில, ஏரியில, குளத்துல இந்த மீன் விழுந்திருந்தா எந்த ஊரு, எப்பன்னு எழுதுங்க. பிடிச்சதைத் திரும்பத் தண்ணியில விடாதீங்க. ஐப்பசிக்கு முன்னாடி உங்க கரையை ஒருதடவை நடந்து பாருங்க, தண்ணி மட்டத்துல வளை இருக்கான்னு. நாங்க வர்ற ஞாயித்துக்கிழமை நடக்கிறோம்.